பிழை விடாத முகமூடிக்காரன்

என் மகன் முகமூடி வீரர்களின் படக்கதைகளை அடுக்கி வைத்திருக்கிறான். நான் ஒன்றையும் புரட்டுவதில்லை. அம்மாவுக்குப் பயம் என்று கேலி செய்கிறான். செய்யட்டும்.

ஒன்பது வயதில் எனக்கும் அந்தப் பைத்தியம் இருந்தது. வகுப்புத் தோழி ஒருத்தி இரவல் தந்த புத்தகம். அதன் நாயகன் பறக்கமாட்டான், சிரிக்கமாட்டான், பேசவும் மாட்டான். பக்கமெல்லாம் ஒரே இருட்டு. தலையை மூடிய கறுப்புத் துணியில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை. கூட்டத்துக்குள் கெட்டவனைக் கண்டால் ஒருமுறை தலையாட்டுவான். அடுத்த பக்கத்தில் அந்த ஆள் இருக்கமாட்டான். கெட்டவன்தானே, போனால் போகட்டும் என்று நானும் பக்கத்தைத் திருப்புவேன்.

தன்னாமுனையில் எங்கள் வீட்டில் கறுப்பு என்றால் அம்மா பெரிய வெள்ளிக்கு உடுக்கும் சேலை ஒன்றுதான். அதைத் தொட்டால் முதுகுத் தோல் உரியும். ஆகவே அரிசிச் சாக்கு ஒன்றில் இரண்டு ஓட்டை வெட்டினேன்.

ஞாயிறு பூசை முடிந்து மாமா வந்தார். அம்மாவின் அண்ணன், வாவியில் வலை வீசுகிறவர். என்னோடு எந்த விளையாட்டுக்கும் வருவார். நான் சாக்கை மாட்டிக்கொண்டு கதவின் பின்னாலிருந்து வந்து அவரைப் பார்த்துத் தலையாட்டினேன்.

கையிலிருந்த இறால் பை விழுந்தது. மாமா முழங்காலில் நின்று இரண்டு கைகளையும் பிடரியில் கோத்துக்கொண்டார்.

“நான் இல்ல ஐயா,” என்றார்.

அடேயப்பா, என்ன நடிப்பு என்று எனக்குப் பூரிப்பு. இன்னொருமுறை ஆட்டினேன்.

அம்மா குசினியிலிருந்து ஓடிவந்து சாக்கைப் பிடுங்கினார். அடி விழவில்லை, அதுதான் அதிசயம். சாக்கும் புத்தகமும் அடுப்புக்குள் போயின. அன்று மாலை செபமாலையில், சின்ன மாமா திரும்பி வரவேண்டும் என்று வழக்கமாகச் சொல்லும் மன்றாட்டை அம்மாவால் முடிக்க முடியவில்லை. சின்ன மாமா என்பவர் மாமாவின் தம்பி. வெளிநாட்டில் இருக்கிறார் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

தோழிக்கு என்ன சொல்வேன் என்று அழுதேன். எல்லாம் மாமாவால் வந்த வினை என்று அவரோடு ஒரு கிழமை கதைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவரே வந்து பக்கத்தில் இருந்தார். அந்தக் கதையைச் சொல்லச் சொன்னார். கதை சொல்லக் கேட்டால் என் கோபம் எங்கே நிற்கும்? முழுவதும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

“ஏன் புள்ள, அவன் ஒருக்காலும் பிழையான ஆளுக்குத் தலையாட்டல்லையா?”

நான் பிறக்கமுன் ஒருநாள் இராணுவம் ஊர் இளைஞர்களைப் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக முழங்காலில் இருத்தியதும், சாக்கால் தலையை மூடிய ஒருவன் மாமாவுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன மாமாவைப் பார்த்துத் தலையாட்டியதும், அன்றே அவரை ஏற்றிக்கொண்டு போனதும், பல வருடங்களுக்குப் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அன்று சொன்ன பதிலை நினைத்தால் இன்றும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். என் வீரனை ஒருவர் சந்தேகப்படுவதா என்று எனக்கு ரோசம்.

“இல்ல மாமா. அவன் பிழை விடவே மாட்டான்.”

மாமா “ஓம்” என்றார். பிறகு கொண்டுவந்த இறாலை அம்மாவிடம் கொடுக்க எழுந்து போனார்.