முந்நூறு முந்நூறாகவே போனது

குருநகர் யாகோப்பரின் மகள் றோஸ் கணிதத்தில் பட்டம் பெற்று வெளியேறியது தொண்ணூறாம் ஆண்டு. அதே ஆண்டில்தான் போரால் குடும்பம் கரையோரத்தை விட்டு இடம்பெயர்ந்து, கொக்குவிலில் ஒரு மதில் வளவுக்குள் இரண்டு அறைகளில் குடியேறியது. கடலுக்குப் போகத் தடை. தகப்பன் வள்ளத்து மோட்டரைக் கழற்றி எண்ணெய் போட்டுச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். மகளுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு நிவாரண நிறுவனத்தில் வேலை கிடைத்தது.

அந்த அலுவலகத்தில் ஒரு கணினி இருந்தது. மின்சாரம் இல்லாத ஊரில், கூரைமேல் வைத்த சூரியத் தகடுகளும் இரண்டு லொறி பற்றரிகளும் ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம் அதை உயிரோடு வைத்திருந்தன. ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய மருந்துப் பட்டியல்கள் அதிலிருந்து வானொலி வழியாகக் கொழும்புக்குப் போயின. வானொலி இணைப்பு மெதுவானது, இரைச்சல் நிறைந்தது. ஆகவே ஒவ்வொரு படிவத்தையும் எவ்வளவு சுருக்கலாமோ அவ்வளவு சுருக்கி அனுப்ப வேண்டும். மறுமுனையில் அதே ஒழுங்கில் விரிக்கவும் வேண்டும். ஒரு எழுத்து இடம் மாறினால் எல்லாம் குழம்பிவிடும்.

அந்தச் சுருக்கும் நிரலையும் விரிக்கும் நிரலையும் யாரும் கையால் எழுதுவதில்லை. படிவத்தில் என்னென்ன கட்டங்கள், எந்தக் கட்டம் எவ்வளவு பெரிது என்று சில வரிகளில் விவரித்துக் கொடுத்தால், இரண்டு நிரல்களையும் தானே எழுதித் தரும் இன்னொரு நிரல் இருந்தது. தம்பிஐயா என்ற பொறியியலாளர் செய்தது. அவர் தொண்ணூற்றொன்றில் நோர்வேக்குப் போனபோது அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு றோஸிடம் வந்தது. நிரல்களைப் பிறப்பித்துத் தருவதால் அலுவலகத்தில் எல்லாரும் அதை ஜெனறேற்றர் என்றே சொன்னார்கள். ஒருநாள் ஜெனறேற்றரில் ஒரு திருத்த வேலை இருப்பதாக அவள் வீட்டில் சொல்லப்போக, மறுநாள் காலை யாகோப்பர் திருகுச் சாவிகளும் மோட்டர் பிளக்கும் பையில் போட்டுக்கொண்டு அலுவலக வாசலில் வந்து நின்றார். கணினித் திரையைக் காட்டி விளக்கியபோது, இதற்கு மண்ணெண்ணெய் தேவையில்லையே என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

தொண்ணூற்றிரண்டு ஆவணியில் பருத்தித்துறைக்கு ஒரு கப்பல் வந்தது. இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரி மருந்துச்சாலைப் பொறுப்பாளர் மகாதேவி அலுவலகத்துக்கு வந்து மேசையில் ஒரு தாளை வைத்தார். முந்நூறு குப்பி இன்சுலின் கேட்டிருந்தார்கள். வந்தது நாற்பத்துநான்கு. ஐந்நூறு போத்தல் சேலைனுக்கு இருநூற்று நாற்பத்துநான்கு. கொழும்பில் யாரோ வேண்டுமென்றே வெட்டிவிட்டார்கள் என்று அங்கிருந்த எல்லாரும் கொதித்தார்கள். கொழும்பு அலுவலகத்தில் பட்டியல்களைப் பெறும் பத்மாசினியின் பெயரையும் இழுத்தார்கள்.

றோஸ் தாளை எடுத்து வரிவரியாகப் பார்த்தாள். இருநூறு கேட்ட மருந்து இருநூறாகவே வந்திருந்தது. குறைந்தவை இரண்டு மட்டும். இரண்டிலும் குறைந்த தொகை ஒன்றே: இருநூற்று ஐம்பத்தாறு. அது அவளுக்குத் தெரிந்த எண்.

தம்பிஐயா அந்தப் படிவத்தை விவரித்தபோது மருந்துகளைக் காட்போட் பெட்டிகளாக எண்ணினார்கள். யாரும் நூறு பெட்டிக்கு மேல் கேட்டதில்லை. அதனால் எண்ணிக்கைக்கு அவர் ஒதுக்கிய இடத்தில் இருநூற்று ஐம்பத்தைந்து வரைதான் கொள்ளும். அதற்கு மேலே போனால் இருநூற்று ஐம்பத்தாறு கழிந்து மிச்சம் மட்டும் நிற்கும். தொண்ணூற்றிரண்டு ஆனியில், இனிக் குப்பி, போத்தல் கணக்கில் கேட்போம் என்று முடிவானது. விவரிப்பில் பெட்டி என்ற சொல்லை எடுத்துவிட்டுக் குப்பி என்று மாற்றியவள் றோஸ்தான். சொல்லை மாற்றினாள், இடத்தைப் பெருப்பிக்கவில்லை.

அவள் வானொலி அறைக்குப் போனாள். இயக்குபவர் தியாகராசா கொழும்பைப் பிடித்துக் கொடுத்தார். பத்மாசினி ஏற்கனவே இரண்டு பேரிடம் ஏச்சு வாங்கியிருந்தாள்.

"பிழை உங்களிலை இல்லை அக்கா," என்றாள் றோஸ். "என்னிலைதான். நீங்கள் வந்ததை வந்தபடிதான் எடுத்திருக்கிறியள்."

பத்மாசினி கேட்டாள்: "சரி, இப்ப என்ன செய்வம்?"

செய்வதற்கு நாள் குறைவு. அடுத்த கப்பலுக்கான பட்டியல் ஆறு நாளில் மூடப்படும். வாயால் சொன்ன எண்ணிக்கையை அனுமதி கொடுப்பவர்கள் ஏற்கமாட்டார்கள். கணினி அச்சிட்ட படிவம்தான் வேண்டும். ஒரே மருந்தை இரண்டு வரிகளாகப் பிரித்து அனுப்பவும் வழியில்லை. இரண்டாவது வரி முதல் வரியை அழித்துவிடும். புதிய நிரலைப் பிளொப்பித் தட்டில் பதிந்து அனுப்பினால் கொழும்பு போய்ச்சேர மூன்று கிழமை ஆகும். பழையபடி எல்லாவற்றையும் கடிதத்தில் எழுதி அனுப்புவோம், கணினியை விட்டுவிடுவோம் என்றார் அலுவலகப் பெரியவர். றோஸ் அவரிடம் ஐந்து நாள் கேட்டு வாங்கினாள்.

அவளிடம் ஒரு துருப்பு இருந்தது. ஜெனறேற்றரின் பிரதி ஒன்று கொழும்பிலும் கிடந்தது. முழு நிரலையும் அனுப்பத் தேவையில்லை. ஜெனறேற்றரில் மாறும் வரிகளை மட்டும் பத்மாசினி தட்டச்சுச் செய்தால் போதும், மிச்சத்தை அது தானே எழுதிக்கொள்ளும்.

இரண்டு நாள் அவள் பழைய படிவங்களின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினாள். இரண்டு மணித்தியால மின்சாரத்தை யோசிப்பதற்குச் செலவழிக்க முடியாது. யோசனை தாளில், சரிபார்ப்பு மட்டும் கணினியில். எண்ணிக்கைக்கு இரட்டை இடம் கொடுத்தாள். கொள்ளாத எண் வந்தால் வெட்டிப்போட்டு அனுப்பாமல், அந்த இடத்திலேயே நின்று மருந்தின் பெயரைக் காட்டி முறையிடும்படி செய்தாள். ஒவ்வொரு செய்தியின் தலையிலும் அது பழைய ஒழுங்கா புதிய ஒழுங்கா என்று ஒரு குறி வைத்தாள். எல்லாம் சேர்ந்து அறுபத்து மூன்று வரி.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு வாசிப்புத் தொடங்கியது. ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம்தான் அவர்களுக்கு. றோஸ் ஒரு வரி வாசிப்பாள், பத்மாசினி தட்டச்சுச் செய்து திருப்பி வாசிப்பாள், ஒவ்வொரு அடைப்புக்குறியும் செமிகோலனும் உட்பட. பக்கத்தில் நின்ற தியாகராசா, செபமாலை சொல்வது போல இருக்கிறது என்று சிரித்தார். முதல் நாள் இருபத்தொன்பது வரி. அடுத்த நாள் மழை இரைச்சல், இருபது. ஐந்தாம் நாள் மிச்சம் பதினான்கையும் முடித்தார்கள்.

கொழும்பில் ஜெனறேற்றர் ஓட மறுத்தது. நாற்பத்தோராம் வரியில் ஏதோ பிழை என்றது.

"அந்த வரியை ஒருக்கா ஆறுதலா வாசியுங்கோ அக்கா."

பத்மாசினி வாசித்தாள். றோஸ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "அதுக்கு முந்தின வரி முடிவிலை செமிகோலன் இருக்கோ?"

இல்லை. மழை தின்றுவிட்டிருந்தது. அதைப் போட்டதும் ஓடியது.

அன்றைய மின்சாரத்தில் இருபது நிமிடம் மிச்சம் இருந்தது. றோஸ் முதலில் பழைய படிவம் ஒன்றை அனுப்பினாள். மறுமுனையில் ஒழுங்காக விரிந்தது. பிறகு இருநூற்று ஐம்பத்தைந்து, இருநூற்று ஐம்பத்தாறு, பூச்சியம். எல்லாம் சரி. கடைசியாக ஆஸ்பத்திரியின் உண்மையான பட்டியலை அனுப்பினாள்.

"இன்சுலின் முந்நூறு," என்றது பத்மாசினியின் குரல். "சேலைன் ஐந்நூறு. அச்சடிச்சுக் கையிலை வச்சிருக்கிறன் பிள்ளை."

தியாகராசா கைதட்டினார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் உள்ளே வந்து றோஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவள் பட்டியலின் மிச்ச வரிகளையும் பத்மாசினியிடம் கேட்டுச் சரிபார்த்தாள்.

கப்பல் வரும்வரை மகாதேவி நாற்பத்துநான்கு குப்பிகளையும் துளித்துளியாகப் பங்கிட்டு, ஊசியை நம்பியிருந்த பதினொரு பிள்ளைகளையும் காப்பாற்றி வைத்திருந்தார். லொறி பருத்தித்துறையிலிருந்து வந்து சேர்ந்த அன்று றோஸும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மகாதேவி அவள் முன்னால் பெட்டிகளைத் திறந்து ஒவ்வொன்றாக எண்ணினார். முந்நூறு முடிந்ததும் சொன்னார்: "காணும் பிள்ளை. இனி நான் நித்திரை கொள்ளுவன்."

அதற்குப் பிறகு றோஸ் மற்றப் பதினொரு படிவங்களையும் எடுத்து, எந்தக் கட்டம் எந்த எண்ணில் உடையும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அரிசி மூட்டைப் படிவத்தில் அதே பள்ளம் இருந்தது. யாரும் விழுவதற்கு முன் மூடினாள். தொண்ணூற்று நான்கில், பிரிந்த குடும்பங்கள் ஒருவரையொருவர் தேடும் செய்திகளுக்கும் ஒரு படிவம் செய்தாள். அதன் முதல் செய்தியே உரும்பிராயில் இருந்த ஒரு தாயை வவுனியா முகாமில் இருந்த மகனோடு சேர்த்து வைத்தது.

அந்த ஆண்டு முடியுமுன் நிறுவனத்தின் தலைமையகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆபிரிக்காவில் இரண்டு நாடுகளில் இனி இதே ஜெனறேற்றரைப் பயன்படுத்தப் போகிறார்களாம். ஐயம் இருந்தால் யாரைக் கேட்பது என்று விசாரித்திருந்தார்கள். றோஸ் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் தன் பெயரையும் கொக்குவில் விலாசத்தையும் தெளிவான எழுத்தில் எழுதி அனுப்பினாள்.