டார்ஜிலிங் வேண்டாம் என்றேன்

சிங்கப்பூரின் துவாசில் ஒரு கப்பல் பட்டறையின் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்தவர் என் கணவர். ஓய்வு பெற்ற மறுவாரமே டார்ஜிலிங் பேச்சை ஆரம்பித்துவிட்டார். அத்தனை வருட லீவும் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களுக்கே சரியாகப் போயிருந்தது. இப்போது கைப்பேசியில், மலை ரயில் கடைவீதியை உரசிக்கொண்டு போகும் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"பாரேன், கைய நீட்டினா கடையிலேர்ந்து தேத்தண்ணிய வாங்கிக்கலாம் போல!"

குளிர் ஒத்துக்கொள்ளாது என்றேன். எனக்கு உள்ளே போட்டுக்கொள்ளக் கம்பளி உடை வாங்கி வந்தார். மண் சரியுமாமே என்றேன். மழை ஓய்ந்த பிறகு போகலாம் என்றார். முழங்கால் வலி என்றபோது மட்டும் கொஞ்சம் யோசித்தார். பிறகு, நடக்கவே தேவையில்லாத இடங்களாகப் பார்த்துச் சொன்னார்.

உண்மைக் காரணத்தை நான் சொல்லவில்லை. இரண்டு வருடமாக எனக்கு இருமினாலோ தும்மினாலோ பலமாகச் சிரித்தாலோ சிறுநீர் கசிகிறது. முதலில் சொட்டுச் சொட்டாக இருந்தது, பிறகு உடை நனையும் அளவுக்கு வந்துவிட்டது. தொழுகையில் நிற்கும்போது இருமல் வந்தால், முகம் கை கால் கழுவி எடுத்த ஒளு முறிந்துவிடும். பாதியில் விட்டுவிட்டுக் குளியலறைக்கு ஓடுவேன். "உனக்கு ஒளு எடுக்கறதுலயே நேரம் போயிடுது" என்று அவர் கேலி செய்வார். நானும் சேர்ந்து சிரிப்பேன், அதுவும் அளவோடு. பொங்கோலில் இருக்கும் மகளிடம் சொல்லலாம் என்று போனை எடுப்பேன். "என்னம்மா?" என்று அவள் கேட்டதும், பேரப்பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று விசாரித்துவிட்டு வைத்துவிடுவேன். பெற்ற மகளிடம் எந்த வாயால் சொல்வது?

ஒருநாள் மத்தியானம் தேக்காவில் ஒரு பயண முகவர் கடைக்கு என்னைக் கூட்டிப்போனார். இளைஞர், தமிழர், நன்றாகப் பேசினார். விமான நிலையத்திலிருந்து மலைக்கு மேலே போக ஜீப்பில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றார். மற்ற பயணிகளும் கூட இருப்பார்கள்.

"வழியில டாய்லெட் இருக்குமா?" என்று மெல்லக் கேட்டேன்.

"ஒன்னு ரெண்டு இடத்துல நிறுத்துவாங்க ஆன்ட்டி. நம்ம சிங்கப்பூர் மாதிரில்லாம் எதிர்பார்க்காதீங்க லா. அவசரம்னா ரோட்டோரம்தான்."

இருவரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அறிமுகமில்லாதவர்களோடு நெருக்கி உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு குலுங்கிக்கொண்டு போவதை நினைத்தேன். "எனக்கு டார்ஜிலிங்கும் வேணாம், ஒன்னும் வேணாம். உங்களுக்கு ஆசையா இருந்தா நீங்க தனியாப் போங்க" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. முகவர் கணினித் திரையைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தார். என் கணவர் முகம் கறுத்துப்போனது. எழுந்து, அந்த இளைஞரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்தார்.

வீடு திரும்ப ரயில் ஏறினோம். பாதி வழியில் இருமல் பிடித்தது. அடக்க அடக்க அதிகமானது. நாங்கள் இறங்க வேண்டிய புக்கிட் பாஞ்சாங்கில் எழுந்தபோது, நான் போட்டிருந்த வெளிர் நீல பாஜு குரோங் பின்பக்கம் ஒட்டிக்கொண்டது. திரும்பிப் பார்த்தேன். இருக்கை ஈரமாக இருந்தது. அப்போதுதான் ஏறிய பள்ளி மாணவி ஒருத்தி அதில் உட்காரப் போனாள்.

"உட்காராதம்மா" என்றேன் தமிழில். சீனப் பெண். புரியாமல் என்னைப் பார்த்தாள். கையை நீட்டித் தடுத்தேன். இருக்கையைப் பார்த்தாள், பிறகு என்னை. தள்ளிப் போய் நின்றாள்.

என் கணவர் பையிலிருந்து டிஷ்யூ எடுத்தார். குனிந்து இருக்கையைத் துடைத்தார். இன்னொன்றை எடுத்து மறுபடியும் துடைத்தார். எனக்குப் பின்னால் ஒட்டி நடந்தபடியே வீடு வரைக்கும் வந்தார். நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

குளித்துவிட்டு வெகுநேரம் வெளியே வராமல் இருந்தேன். வந்தபோது சமையலறையில் உட்கார்ந்திருந்தார்.

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷமா."

அவர் தலை நிமிரவில்லை. "என்கூட வரப் பிடிக்கலன்னு நெனச்சேன். வேலை வேலைன்னு இருந்துட்டேன், இப்ப என்ன ஊர் சுத்தறதுன்னு உனக்கு வெறுத்துப்போச்சோன்னு."

ரயிலில் பட்ட அவமானம் பெரிதில்லை என்று ஆகிவிட்டது எனக்கு. என் வெட்கத்தை மறைக்க, இந்த மனிதரை இப்படியெல்லாம் நினைக்க விட்டிருக்கிறேன்.

மறுவாரம் மருத்துவரைப் பார்த்தோம். "ரொம்ப காமன், ஆன்ட்டி. எக்சர்சைஸ் பண்ணுனா நல்லாவே குறையும்" என்றார் அந்த இளம்பெண். அத்தனை சுலபமாக அவர் சொன்னதில் எனக்குக் கோபம்கூட வந்தது. ஆனாலும் சொல்லிக்கொடுத்தபடி செய்துவருகிறேன். குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை.

போன வாரம் அதே முகவருக்கு நானே போன் செய்தேன். தனி ஜீப் வேண்டும், கேட்கும் இடத்தில் எல்லாம் நிறுத்த வேண்டும் என்றேன்.

"ஏன் ஆன்ட்டி, ஏதாச்சும் பிரச்சினையா?"

"அது வந்து..." என்று இழுத்தேன். பக்கத்தில் இருந்த என் கணவர் போனை வாங்கிக்கொண்டார்.

"எனக்குத்தான் தம்பி. வயசாச்சுல்ல, அடக்க முடியறதில்ல" என்றார் சாதாரணமாக.

"ஓகே அங்கிள், நோ ப்ராப்ளம் லா. டிரைவர்கிட்ட சொல்லிடறேன்."

போனை என்னிடம் கொடுத்துவிட்டு, மலையில் இப்போது எத்தனை டிகிரி என்று பார்க்கப் போய்விட்டார். நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு முழுவதும் அவர் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. மழைக்காலம் முடிந்ததும் கிளம்புகிறோம்.