வழிக்காத நாக்கு

பனி உருகத் தொடங்கிய ஒரு காலை, அகதியாக வந்த குளிர் நாட்டில், நான் வேலை செய்த சென்ட் லோரன்ட் தொழிற்சாலையின் முகம் பார்க்கும் கண்ணாடியில் என் கண்கள் மஞ்சளாக இருந்தன. வேறு யாரோ என் முகத்தோடு நிற்பது போலிருந்தது.

செங்கமாரி (மஞ்சள் காமாலை). சில நாட்களாகவே சோறு வெறுத்திருந்தது. ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம். நோயாளி என்று தெரிந்தால் அகதிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எங்கள் அறையில் எல்லோரும் நம்பினோம். என்னை அனுப்பிவிட்டால், திருகோணமலையில் காத்திருக்கும் மனைவியை இந்த நாட்டுக்கு யார் கூப்பிடுவது?

அறைத்தோழர் செல்வம் அண்ணை சீனர் தெருவில் ஒரு சீன வைத்தியரைக் கண்டுபிடித்தார். "அந்த மனிசி பேப்பர் ஒண்டும் கேக்காது. வா, போவம்."

கடை முழுக்க உலர்ந்த வேர்களின் மணம். காய்ச்சல் மயக்கத்தில் நான் அதன்மேல் மிதந்தேன். வைத்தியர் என் வயதுக்காரி. இரு மணிக்கட்டிலும் நெடுநேரம் நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு குழம்பிப் போனார்.

"கண் ஒன்று சொல்கிறது, நாக்கு வேறு சொல்கிறது," என்றார் ஆங்கிலத்தில்.

வைத்தியரிடம் போகிறோமே என்று அன்று நாக்கைச் சிவக்கச் சிவக்க வழித்திருந்தேன். அண்ணை அதைச் சைகையில் நடித்துக் காட்டினார். வைத்தியர் சிரித்துவிட்டார்.

"நான் பார்க்க வேண்டியதை வழித்து எறிந்துவிட்டீர்களே! நாளை வழிக்காமல் அப்படியே வாருங்கள்."

மறுநாள் ஊத்தை வாயோடு பஸ்ஸில் போக வெட்கமாக இருந்தது. நாக்கில் படிந்திருந்த தடித்த மஞ்சளைக் கண்டு அவர் மகிழ்ந்தே போனார். அவர்கள் முறையில் கண் ஈரலின் வாசலாம். ஈரவெப்பம் (ஈரமும் சூடும் உடலில் தேங்கும் நிலை) பித்தத்தை வெளியே தள்ளுகிறதாம். தோடம்பழ (ஆரஞ்சு) நிறமென்றால் புதிய நோய். புகைபிடித்த மங்கலென்றால் நாட்பட்டது. என்னுடையது தோடம்பழம்.

மாசிபத்திரி இனத்துக் கசப்பு மூலிகையைப் பொட்டலமாகக் கட்டினார். ஆனால் கையில் தரவில்லை. "ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்த்துவிட்டு வாருங்கள். அதற்குப் பிறகுதான்."

எனக்கு அழுகையே வந்தது. ஆனாலும் போனேன்.

வைரஸால் வந்த ஈரல் அழற்சி (ஈரல் வீக்கம்) என்றார் டாக்டர். நோயைப் பற்றிக் கேட்பதை விட்டு, "திருப்பி அனுப்பிவிடுவார்களா?" என்று கேட்டேன்.

"செங்கமாரிக்காகவா? போய்ப் படுத்துத் தூங்குங்கள்," என்றார். நான் குடிக்கப்போகும் மூலிகையின் பெயரையும் என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு சீனர் தெருவில் அந்த மூலிகையை வாங்கிக் காய்ச்சிக் குடித்தேன். கசாயமா, தூக்கமா, எது குணமாக்கியது என்று இன்றும் தெரியாது. உங்களுக்கு இப்படி வந்தால் என்னைப் போல் ஒளியாதீர்கள்.

படுக்கையில் கிழமைகளின் பெயரே மறந்துபோனது. யன்னல் வெளிச்சம் சுவரில் நகர்வதைப் பார்த்துக் கிடந்தேன். கண்கள் மெல்லத் தெளிந்தன.

காலம் கடந்து, கடிதத்தில் என் செங்கமாரியை அறிந்திருந்த மனைவி வந்து இறங்கியபோது, விமான நிலையக் கூட்டத்தின் நடுவே என் முகத்தை இரு கையாலும் பிடித்து, கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள்.

"வெள்ளையாத்தான் கிடக்கு," என்றாள். அதன் பிறகுதான் அழுதாள்.

ஆட்கள் இடித்துக்கொண்டு போனார்கள். எனக்கு எந்த அவசரமும் இருக்கவில்லை. அவள் பார்த்து முடிக்கட்டும் என்று நின்றேன்.