மலையை இறக்கிக் கட்டியது

மேலே உனக்கு இடம் இல்லை என்று அம்மா சொன்னதை நான் அப்படியே நம்பினேன். இடம்தான் குறை என்றால் இடத்தை உண்டாக்கிவிட்டால் தீர்ந்தது என்று என் நாலாம் வகுப்பு மூளைக்குத் தோன்றியது. அப்பாவும் அம்மாவும் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் லயத்தில் இருந்தார்கள். லயம் என்றால் வேலையாட்களுக்கென்று வரிசையாகக் கட்டிவிட்ட ஓட்டு வீடுகள். குடும்பத்துக்கு ஓர் அறை, அதை ஒட்டி ஓர் அடுப்படி. அங்கே இருந்த பள்ளிக்கூடத்தில் மலையாளம் சொல்லிக்கொடுத்தார்கள். அதனால் என்னைப் போடியில் பெரியம்மா வீட்டில் விட்டிருந்தார்கள்.

பெரியம்மா என்னை ஒரு குறையும் சொல்ல முடியாதபடி வைத்துக்கொண்டார். ஆனால் பகலெல்லாம் அவருக்கு ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை. பள்ளி விட்டு வந்து நானே பூட்டைத் திறக்க வேண்டும், நானே தட்டில் சோறு போட்டுக்கொள்ள வேண்டும். போகப் போகப் பழகிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்குப் பழகவில்லை. மொட்டை மாடிக்குப் போனால் மேற்கே மலை தெரியும். ஆனால் அம்மா இருப்பது அந்த மலைக்கும் பின்னால் என்பதால், அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம்தான் வரும்.

பெரியம்மா மகன், எனக்கு அண்ணன் முறை, கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனபோது தன் பழைய கம்ப்யூட்டரை விட்டுப் போயிருந்தான். அதில் கட்டிகளை அடுக்கி எதை வேண்டுமானாலும் கட்டும் விளையாட்டு ஒன்று இருந்தது. வகுப்புப் பிள்ளைகள் வீட்டு போன்களில் இதன் புதுசை விளையாடினார்கள். அதில் ஆடு மேயும், மழை பெய்யும், ஆட்கள் நடமாடுவார்கள். என்னுடையதில் சில நிறத்துக் கட்டிகள் மட்டும்தான். கதவு கிடையாது, சுவரில் ஓட்டை விட்டு அதைக் கதவென்று வைத்துக்கொள்ள வேண்டும். சரிவு கிடையாது; எல்லாம் படிதான். கொஞ்ச தூரம் நடந்தால் உலகம் முடிந்துவிடும். உயரத்துக்கும் ஓர் அளவு உண்டு, அதற்கு மேல் கட்டி ஒட்டாது. இருட்டே வராது, எந்நேரமும் உச்சி வெயில். ஆள் ஒருவர்கூட இல்லை. அந்த ஒரு விஷயத்தில் அது பெரியம்மா வீட்டைப் போலவே இருந்தது.

அதில் நான் எஸ்டேட்டைக் கட்டினேன். எங்கள் எஸ்டேட் ரொம்ப உயரம் என்று அப்பா பெருமையாகச் சொல்வார் என்பதால், கட்டி ஒட்டாத உயரம் வரைக்கும் மலையை எழுப்பினேன். உச்சியில் சமமாக்கி, செங்கல் நிறத்தில் லயம். சுற்றிலும் பச்சைக் கட்டிகளை ஒற்றை ஒற்றையாக வைத்து, அவைதான் ஏலச்செடி என்றேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் மட்டும் சுவரை உடைத்து இன்னோர் அறை சேர்த்தேன். லயத்தில் ஓர் ஆணி அடிக்கக்கூடக் கங்காணியைக் கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. இப்படி ஒரு வழி இருப்பது இவர்களுக்குத் தோன்றாமல் போனதே என்றுதான் ஆச்சரியப்பட்டேன்.

காய் எடுக்கும் காலத்தில் அம்மாவால் இறங்கி வர முடியாது. அப்பா மட்டும் சாமான் வாங்க வருவார். அப்படி வந்தவரைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினேன். திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"பின்னாடி இருக்க ரூமு யாருக்குத்தா?"

"எனக்கு."

அவர் பச்சைக் கட்டிகளின் மேல் விரலை வைத்தார். "மரத்தையே காணோமே. நெழலு இல்லாம இப்படி வெயிலு அடிச்சா ஏலம் நிக்காதுத்தா. கருகிப் போகும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் அவர் சொன்னது நியாயம். பெரிய மரங்களின் நிழலில்தான் ஏலம் பிழைக்கும். இது போடியில் எந்தப் பிள்ளைக்கும் தெரியும். அதைக் கோட்டை விட்டுவிட்டேன், அதனால்தான் அப்பா என்னைக் கூப்பிடவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

மரம் வைக்க மேலே இடம் இல்லை. வானத்தை உயர்த்த முடியாது, ஆகையால் மலையைத்தான் இறக்க வேண்டும். லயத்தைப் பிரித்தேன், செடிகளை எடுத்தேன், மலையின் தலையை ஒவ்வொரு கட்டியாகக் கொத்தி எடுத்தேன். வேலை முடிந்து வந்த பெரியம்மா, "ஏண்டி, வேற சோலியே இல்லையா ஒனக்கு? வெரசா வந்து சாப்புடு" என்று சத்தம் போடுவார். பாதி உயரத்தில் எல்லாவற்றையும் மறுபடி கட்டி, தடித்த மரங்களை நட்டு, இலைகளைக் கூரை மாதிரி பரப்பினேன். என் அறையை மட்டும் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன். பிறகு பாவாடை சட்டைகளை மடித்து ஒரு பையில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

அடுத்த முறை அப்பா வந்தார். அரிசியும் எண்ணெயும் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தன. அவர் வந்து பார்த்து, "இப்ப சரியா இருக்குத்தா" என்றார். அதற்கு அடுத்த வார்த்தைக்காக நான் அவர் வாயையே பார்த்தேன்.

"இதுக்குள்ள நடக்கலாமா?" என்று கேட்டார்.

பட்டன்களைக் காட்டிக்கொடுத்தேன். ஏலக்காய்க் கறை ஏறிய விரலால் ஒவ்வொன்றாக அமுக்கினார். படிகளில் தட்டுத்தடுமாறி ஏறினார், மரங்களுக்கு அடியில் போனார், ஓட்டை வழியாக வீட்டுக்குள் நுழைந்தார். முன்னறையைத் தாண்டி என் அறைக்குள் போனதும் விரலை எடுத்துவிட்டார். திரை முழுக்கச் செங்கல் சுவர்தான் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தெருவில் ஜீப் ஹாரன் அடித்தது. "அண்ணே, லோடு ஏத்தியாச்சு. வாங்க" என்று டிரைவர் கூப்பிட்டார்.

"திரும்புறதுக்கு இந்தப் பட்டன்ப்பா" என்றேன்.

"இருக்கட்டும்த்தா."

ஹாரன் மறுபடி அடித்தது. அவர் அசையவில்லை. பாவம், அப்பாவுக்கு வெளியே வர வழி தெரியவில்லை என்று நினைத்து, நான் குறுக்கே கையை நீட்டிப் பட்டனை அமுக்கி, அவரை அந்த அறையிலிருந்து வெளியே கொண்டுவந்து விட்டேன்.