ஒரு விரல் மேளம்

செம்பூரில் எங்கள் பின்தெருவில், கணபதி ஊர்வலத்தில் மேளம் அடிக்கிறவர் ஒருவர் இருந்தார். மல்யுத்தக்காரர் போன்ற தோள். பேச்சு மட்டும் மெதுவாக வரும். ஒத்திகை தொடங்கினாலே எங்கள் நாய் லட்டு கட்டிலடியில் போய் நடுங்கும். அவரிடமே முறையிடப் போனேன்.

மறுநாள் மாலை மேளத்தோடு வந்து, கேட்டுக்கு வெளியே தள்ளி நின்றார்.

“நான் ஒத்த வெரலால தட்டுதேன். நீங்க நாய்க்குக் கோழித்துண்டு குடுங்க. பயந்துச்சுன்னா சொல்லுங்க, தூரப் போயிருதேன்.”

தினமும் வந்தார், ஒவ்வோர் அடியாக நெருங்கினார்.

ஊர்வலத்தன்று லட்டு லேசாக நடுங்கியது. ஆனாலும் என் கையிலிருந்து வாங்கித் தின்றது. ஜன்னல் வழியே பார்த்தேன். நாற்பது மேளங்கள் முழங்க, அவர் கோல் மட்டும் எங்கள் வீட்டைக் கடக்கும்வரை மேளத்தோலில் படவே இல்லை. அதனால் சத்தம் குறையாது என்று அவருக்குத் தெரியாதா என்ன?