மாமாவின் சட்டை போட்ட மரங்கள்

தோட்டத்தில் என் அத்தைக்குப் பெயர் கத்திரி அக்கா. இருபத்தாறு வருடமாக ஆப்பிள் மரங்களில் வேண்டாத கிளைகளை வெட்டிக் கவாத்து செய்கிறாள். வெட்டுவதற்கு முன், உச்சி வெயிலில் மரத்தடியில் பழைய வெள்ளைப் போர்வையை விரிப்பாள். அதில் ஒளிப்பொட்டுகள் போதிய அளவு விழாவிட்டால்தான் கத்திரி வெளியே வரும்.

மூன்று வருடம் ஊர் ஊராய்ச் சுற்றிவிட்டு நான் திரும்பியபோது அவள் வேலையே ஊசலாடிக்கொண்டிருந்தது. அவள் பார்க்கும் கீழ்ப்பாத்தி மரங்களில் போன வருடம் வெளிப்பழம் மட்டும்தான் சிவந்தது. உள்ளே இருந்தவை பச்சையாய், சப்பென்று இருந்தன. உள் இலைகளும் காகிதம் போல மெலிந்து அகன்றிருந்தன.

"வெயில் படாத இலை சமைக்காதுடி. அப்புறம் பழம் பட்டினிதான்," என்றாள் அத்தை.

அதனால் அறுவடைக்கு ஐந்து வாரம் இருக்கும்போது, நடுவில் அடைத்து நின்ற கிளைகளை எடுத்துவிட்டாள். மறுநாளே வெயில் கொளுத்தத் தொடங்கியது. நிழலில் வளர்ந்த பழத்தின்மேல் திடீரென வெயில் பட்டால் தோல் வெந்துவிடும். மூட்டமான நாளாகப் பார்த்து வெட்டியிருக்க வேண்டும், அவசரப்பட்டுவிட்டாள்.

முதலாளி வந்து பார்த்தார். "மொட்டையடிச்சு வச்சிருக்கியேம்மா! பழம் வெந்துச்சுன்னா இனிமே இங்க கத்திரியத் தொடாத."

மேற்கு பார்த்த கடைசி வரிசை ஒன்பது மரங்களுக்குத்தான் ஆபத்து அதிகம். வீட்டிலிருந்த போர்வை, திரைச்சீலை, மாமாவின் சட்டை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய், வெயில் அடிக்கும் பக்கம் கட்டினோம்.

"என் சட்டைய மரம் போட்டுக்கிச்சு. நான் இலைய கட்டிக்கவா?" என்றார் மாமா.

"கட்டிக்கோங்க. மெல்லிசா, பெருசா பாத்துத் தரேன்," என்றாள் அத்தை.

ஆறு நாள் அத்தை சரியாகச் சாப்பிடவில்லை. ஏழாம் நாள் மேகம் கூடியதும் துணிகளை அவிழ்த்தோம். நாலைந்து பழத்தில் மட்டும் பழுப்புத் தழும்பு.

பறிப்பு தொடங்கிய அன்று முதலாளி நேராகக் கடைசி வரிசைக்குப் போனார். தோள்வரை கையை உள்ளே விட்டு ஒரு பழத்தைப் பறித்தார். முக்கால்வாசி சிவந்திருந்தது. கடித்தார். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் வளைந்தது.

"மேல்பாத்தியையும் நீயே பாரும்மா," என்றார், வாய் நிறையப் பழத்தோடு. "ஆனா மேகம் பாத்து வெட்டு."

மத்தியானம் அதே மரத்தடியில் அத்தை போர்வையை விரித்தாள். பொட்டுகளைப் பார்க்கிறாள் என்று நினைத்து அருகே போனேன். முகத்தின்மேல் அவை ஆடிக்கொண்டிருக்க, குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.