பிரித்துப் பார்த்த மீன் பெட்டி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் லோசிவாலே, விலையை மட்டும் பார்த்து எதையும் வாங்கமாட்டாள். பொட்டலத்தின் மூலையில் பொடி எழுத்தில் கிடக்கும் எடையைத் தேடுவாள். கிலோவுக்கு என்ன விழுகிறது என்று உள்ளங்கையில் பேனாவால் வகுத்துப் பார்ப்பாள். பெரிய பொட்டலம்தான் மலிவு என்பது பாதி நேரம் பொய் என்று அவளுக்குத் தெரியும். தள்ளுபடிப் பலகை கண்ணில் பட்டால், "நேத்து என்ன விலை?" என்பாள். சலேலோலோங்கா சந்தையில் அவளுக்குப் பட்டப்பெயர் தராசு. இப்படி ஒரு வருஷமாக மிச்சம் பிடித்த எழுநூறு தாலா, மழைநீர்த் தொட்டி வாங்க வைத்திருந்தது.

அன்று காலை அந்தப் பணம் வேறு காரியத்துக்காக அவள் பையில் இருந்தது. கணவனின் சித்தப்பா இறந்துவிட்டார். ஊர் வழக்கப்படி துக்க வீட்டுக்குப் பத்துப் பெட்டி டப்பா மீன் கொடுக்கவேண்டும். அங்கே கூடும் சபையில் எண்ணிக்கையைக் கூவிச் சொல்வார்கள். பெற்றுக்கொண்டவர்கள் பெட்டிகளைப் பங்கிட்டு, அடுத்த சாவுக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போவார்கள். இடையில் பிரிப்பது அவமரியாதை. ஒருவரும் உள்ளே பார்ப்பதில்லை. ஊரார் கண்ணை மூடிக்கொண்டால் கடைக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

போன மாதம் விருந்தாளிகள் வந்த அவசரத்தில் லோசிவாலே அப்படி வந்த பெட்டி ஒன்றைப் பிரித்தாள். கெட்டு உப்பிய டப்பாக்கள். அத்தனையையும் குழி தோண்டிப் புதைத்தாள்.

"ஒரு பெட்டியப் பிரிங்க," என்றாள் கடையில்.

கடைக்காரன் சிரித்தான். "பிரிச்ச பெட்டிய எவன்க்கா வாங்குவான்?"

"நான் வாங்குறேன்."

வெளியே லாரி ஹாரன் அலறியது. கணவனின் அண்ணன் ஃபுயாவா உள்ளே வந்தார். சபையில் குடும்பத்துக்காகப் பேசுகிறவர் அவர்தான்.

"என்னம்மா லோசி, அடக்கத்துக்கு நேரமாச்சு."

"உள்ள என்ன இருக்குன்னு பாக்காம என் காசு வெளிய வராது மாமா."

"இது குடும்ப மானம்மா!"

"கெட்டுப்போன மீனுல என்ன மானம்?"

சாவியால் அட்டையைக் கிழித்தாள். மேல் அடுக்கு புதுசு. கீழ் அடுக்கில் தேதி முடிந்து இரண்டு வருஷம்.

கடைக்காரன் குரல் இறங்கியது. "சத்தம் போடாதக்கா. பாதி விலைக்குத் தரேன். அங்க எவன் திங்கப்போறான்?"

"எல்லாத்தையும் பிரி."

பின்னால் காசு கொடுக்க நின்ற வேறு இருவரும் தங்கள் பெட்டிகளைத் தூக்கிக் கல்லாமேல் வைத்து, "இதையும்," என்றார்கள். லோசிவாலேயின் பத்தில் நான்குதான் தேறின. நான்கை மட்டும் வாங்கினாள். ஃபுயாவா அவற்றை லாரியில் ஏற்றித் துக்க வீட்டுக்கு ஓட்டினார்.

சபையில் அவர் எண்ணிக்கையை மெல்லச் சொன்னார். "நாலு பெட்டி. பிரிச்சுப் பாத்தது."

துக்க வீட்டுக்காகப் பேசும் கிழவர் கோலைத் தரையில் குத்தினார். "நாலா? அதுவும் நீங்க தின்ன மிச்சமா? போங்க, இன்னும் ஆறு பெட்டியோட வந்து பேசுங்க!"

அவர் பக்கத்து இளவட்டங்கள் எழுந்து நின்றார்கள். ஃபுயாவா தலையைக் குனிந்தபடி லோசிவாலேயின் பக்கம் கையை நீட்டினார். பணத்துக்குத்தான். அவள் பையை இறுக்கிப் பிடித்தாள். அங்கே மருமகள்கள் பேசுவதில்லை. ஆனாலும் அவள் எழுந்தாள்.

"ஆறு பெட்டி கெட்டுப்போன மீன். அதையும் கொண்டாந்திருந்தா வாங்கியிருப்பீங்க. உங்க பேரப்பிள்ளைதான் தின்னிருக்கும்."

ஒரு டப்பாவைத் திறந்தாள். எல்லோரும் பார்க்க, விரலால் அள்ளி வாயில் போட்டு மென்றாள்.

பிணத்தருகே பாயில் உட்கார்ந்திருந்த விதவை கையை நீட்டினாள்.

"இங்க குடும்மா. நேத்துலேருந்து பட்டினியா கெடக்கேன். நூறு பெட்டி அடுக்கியிருக்கு, ஒரு பய திறந்து குடுக்கல."

தின்று முடித்து விரலைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கிழவரைப் பார்த்தாள்.

"நிக்காதீங்க. அந்த நூறையும் பிரிங்க."

ஆறு பெட்டி வாங்க யாரும் கடைக்குப் போகவில்லை.